பரமசிவத்துக்கு உடம்பு சரியில்லை

சட்டையை முகர்ந்து பார்க்காமல் சந்திரமதி அடுப்புப் பற்றவைப்பதில்லை. ஆணியில் தொங்கும் பரமசிவத்தின் சட்டையை எடுத்து, காலரை மூக்கருகே கொண்டுபோவாள். கண்ணை மூடிக்கொள்வாள். பூக்கடையில் மல்லிகை வாங்குகிறவளைப்போலத் தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பாள். "நேத்து வேற யாரோ வாங்கிக் குடுத்திருக்காங்க. இது நம்ம கடைக் கள்ளு இல்ல" என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிவிட்டு, பாயில் குப்புறக் கிடக்கும் கணவரை ஒரு தரம் பார்ப்பாள். எழுப்பமாட்டாள். நிற்க முடியாத மனிதரை எழுப்பி என்ன ஆகப்போகிறது? தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, குடையைக் கையில் எடுத்து, டன்லப் தெருக் கடைவீட்டின் மாடிப்படியில் இறங்குவாள். கடைசிப் படியை மிதிப்பதற்குள் கணவரின் முதலாளியிடம் சொல்ல வேண்டிய அன்றைய நோய் தயாராகிவிடும்.

பரமசிவம் வேலை பார்த்தது தேக்கா பாசார் என்னும் சந்தைக்குப் பின்னால் ஜமால் முகம்மது நடத்திய அரவை மில்லில். மிளகாய், மல்லி, மஞ்சள், இடியாப்ப மாவு எல்லாம் அங்கே அரைபடும். பரமசிவம் வராத நாளில் முதலாளியே மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இயந்திரத்தின் முன்னால் நிற்பார். அவர் தும்முகிற சத்தம் பாசார் முழுக்கக் கேட்கும். "பாய் தும்முறாரு, பரமசிவம் நேத்து நல்லாப் போட்டிருக்கான் லா" என்று கறிவேப்பிலைக் கூறு கட்டிக்கொண்டே பாசார்ப் பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பதாம் வருஷங்களில் பரமசிவத்துக்கு வராத வியாதி இல்லை. சந்திரமதி வியாதியைச் சொல்லிவிட்டுப் போகிறவள் அல்ல, நடத்திக் காட்டுவாள். கழுத்துப் பிடிப்பு என்றால் வீட்டுப் படியிலிருந்தே கழுத்தை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு வருவாள். வழியில் பார்த்தவர்கள் உப்பை வறுத்து ஒத்தடம் கொடு என்று அவளுக்கே வைத்தியம் சொல்லி அனுப்புவார்கள். முழங்கால் வீக்கம் என்றால் நொண்டி நொண்டித்தான் வருவாள். திரும்பிப் போகும்போதும் நொண்டுவாள், யாரும் பார்க்காத சந்திலும் நொண்டுவாள். ஒருநாள் வயிற்றுப்போக்கு என்று ஆரம்பித்தபோது மட்டும் ஜமால் முகம்மது இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "போதும் தங்கச்சி. நீ சொன்னதே போதும். நம்புறேன்."

அவர் நம்பினார் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருநாள் சாயங்காலம் பரமசிவம் விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உச்சஸ்தாயியில் பாடியதை அவரே தம் கண்ணால் பார்த்திருந்தார். மறுநாள் காலை சந்திரமதி வந்து டைபாய்டு என்றாள்.

"டைபாய்டு கண்டவனுக்குக் குரல் அவ்வளவு நல்லா எடுக்குமா தங்கச்சி?"

"ஜன்னி ஏறினா அப்படித்தான் பாய் பாடுவாங்க. எங்க பெரியப்பா பாடிக்கிட்டேதான் போனாரு."

ஜமால் முகம்மது துண்டை எடுத்து மூக்கில் கட்டிக்கொண்டு, "அவன் கீழ் சுருதியிலயே இருக்கட்டும்னு சொல்லு" என்று மிளகாய் மூட்டையை அவிழ்த்தார். வேலையை விட்டு நிறுத்திவிட வேண்டும் என்று அவருக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் நிறுத்திவிட்டால் காலையில் இந்தக் கதைகளை யார் வந்து சொல்வது? கடைக்கு ரெடிஃபியூஷன் ரேடியோப் பெட்டி வாங்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்தவர், சந்திரமதி வந்துபோவதால் அதைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

கணவர் ஏன் குடிக்கிறார் என்பதைப் பற்றிச் சந்திரமதிக்கு ஒரு திடமான கொள்கை உண்டு. தான் ஏதோ தவறாகச் செய்ததால்தான் குடிக்கிறார். ரசத்தில் புளி கூடிவிட்டது. அதனால் மனம் வெறுத்துப் போய்விட்டார். கத்தரிக்காய் வைத்த நாளில் குடித்தார் என்று கத்தரிக்காயை நிறுத்தினாள். வெண்டைக்காய் வைத்த நாளிலும் குடித்தார், வெண்டைக்காய் போயிற்று. முருங்கை, புடலை, பாகல் என்று ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வருவது நின்று, கடைசியில் பரங்கிக்காய் மட்டும் மிஞ்சியது. காலையும் மாலையும் பரங்கிக்காய். ஒருநாள் பரமசிவம் தட்டைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டு எழுந்து நேரே கள்ளுக்கடைக்குப் போனார். "பாத்தீங்களாக்கா, பரங்கிக்காயும் ஒத்துக்கல" என்று பக்கத்து அறை யோகத்திடம் சொல்லி அழுதாள்.

யோகம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். யாழ்ப்பாணத்து வழி வந்தவள். வெள்ளை உடுப்பில் மடிப்புக் கலையாமல் வேலைக்குப் போய் மடிப்புக் கலையாமல் திரும்புகிறவள். "ஐயோ சந்திரமதி, அவர் குடிக்கிறதுக்கும் நீர் புளி கரைக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டாள்.

"உங்களுக்குப் புரியாதுக்கா. நீங்க கல்யாணம் கட்டல" என்று மூக்கைச் சிந்தினாள் சந்திரமதி.

மத்தியானத்துக்கு மேல் வேறு வேலை. கள்ளுக்கடை திறக்கும் நேரத்தைக் கடைக்காரன் மறந்தாலும் சந்திரமதி மறக்கமாட்டாள். வெறும் வயிற்றில் குடித்தால் குடல் வெந்துவிடும் என்று யாரோ சொன்னதிலிருந்து, இக்கான் பிலிஸ் நெத்திலியை மிளகாய்த்தூளும் வெங்காயமும் போட்டு மொறுமொறுவென்று வறுத்து, வாழையிலையில் கட்டி, கணவருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். உள்ளே போகமாட்டாள். கம்பி வேலிக்கு வெளியே குடையை விரித்துக்கொண்டு நிற்பாள். பரமசிவம் மட்டும் தின்றால் மற்றவர்கள் கண் படும் என்று கொஞ்சம் கூடுதலாக வறுத்தாள். நாளாக ஆக அந்தக் கூடுதல் பெரிய பொட்டலமாகி, பிறகு பாத்திரமாகிவிட்டது. லாரிக்காரர்களும் முனிசிபல் ஆட்களும் அவளைக் கண்டதும் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, "அண்ணி வந்துட்டாங்க!" என்று குரல் கொடுப்பார்கள். வேறு கள்ளுக்கடைக்குப் போய்க்கொண்டிருந்த சிலர் இந்த நெத்திலிக்காகவே கடை மாறி வந்தார்கள். கடைக்காரன் அவளுக்கென்று வேலியோரம் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தான்.

"எங்க வீட்டுக்காரரு குடிச்சா சும்மா ஏனோதானோன்னு குடிக்க மாட்டாரு" என்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு சொல்வாள். அலுப்பாகத்தான் சொல்வாள். ஆனால் மகன் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதைச் சொல்கிற தாயின் முகம் அப்போது அவளுக்கு வந்துவிடும். அவளுக்கு மகன் இல்லை. ஒரே மகளைக் கிள்ளானுக்குக் கட்டிக்கொடுத்தாயிற்று. மகள் போன பிறகு இந்த நெத்திலியும் வியாதிகளும் குடையும்தான் அவளுடைய நாளைக் காலையிலிருந்து மாலைவரை நிரப்பின.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில்தான் அந்தச் சம்பவம் நடந்தது.

ஹஜ்ஜுப் பெருநாள் சமயம். ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பின்னால் அஸ்மத் என்ற வியாபாரி குர்பானிக்கு அறுக்கும் ஆடுகளைக் கொட்டகையில் கட்டியிருந்தார். அன்றைக்குச் சந்திரமதிக்குப் பல்வலி, கள்ளுக்கடைக்குப் போகவில்லை. பொழுது சாயுமுன்பே படியில் காலடிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். பரமசிவம் யார் தோளிலும் தொங்காமல் தன் காலாலேயே ஏறி வந்துகொண்டிருந்தார். அதுவே அவளுக்குத் திக்கென்றது. வழுக்கைத் தலையின் நடுவில் ஒரு நீலக் கோடு. திரும்பினால் பனியனின் முதுகில் இன்னொரு நீலக் கோடு. பின்னாலேயே அஸ்மத், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, குற்றம் செய்தவரைப்போல நின்றார்.

"மன்னிச்சுக்குங்க அக்கா. சாயம் பூசினது நான்தான்."

"எதுக்குப் பூசினீங்க?"

"வித்துப்போன ஆட்டுக்கெல்லாம் அடையாளம் போட்டுக்கிட்டே வந்தேன். குனிஞ்சு குனிஞ்சு போட்டதுல முகத்தைப் பாக்கல. இவரு வைக்கோல்ல ஆட்டுக்கு நடுவுல படுத்திருந்திருக்காரு. கடைசியில எண்ணிப் பாத்தேன். கணக்கு சரியா இருந்துச்சு. அதனால சந்தேகமே வரலை."

"கணக்கு எப்படிங்க சரியா இருக்கும்?"

"ஒரு ஆடு கயித்த அவுத்துக்கிட்டு ஓடிப்போயிருந்துச்சு. காப்பிக்கடையில காலண்டரைத் தின்னுக்கிட்டு நின்னதை அப்புறம்தான் புடிச்சோம்."

பரமசிவம் பாயில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டார். அஸ்மத் படியிறங்கிப் போன பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன் சந்திரமதி. காது கேக்குது. கண்ணைத் தொறக்க முடியல. வாயைத் தொறக்க முடியல. வாங்க வந்த ஒரு ஆளு என் முதுகைத் தட்டிப் பாத்து, 'இது நல்லாக் கொழுத்திருக்கு'ன்னு சொன்னான்."

அவர் உடம்பு நடுங்கியது. சந்திரமதி சிரிப்பை அடக்கத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டவள், அந்த நடுக்கத்தைப் பார்த்ததும் தலைப்பை எடுத்து அவர் தலையைத் துடைத்தாள். சாயம் போகவில்லை. நல்ல சாயம்.

"இனிமே கள்ளுக்கடைப் பக்கம் போகமாட்டேன்" என்றார்.

"சரிங்க" என்றாள். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாதத்துக்கு ஒரு தரமாவது அப்படிச் சொல்கிறவர்தான். நாளைக்கு என்ன வியாதி சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

காலையில் பாயில் ஆளில்லை. குளிக்கத்தான் போயிருப்பார் என்று நினைத்தாள். அந்த நினைப்பு முழுதாக முடிவதற்குள் கால்கள் படியிறங்கிவிட்டன. வாய் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. மில் வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாள்.

"பாய், அவருக்கு முதுகுப் பிடிப்பு. அசைய முடியல. பாயோட பாயா ஒட்டிக்கிட்டாரு, பாவம்."

ஜமால் முகம்மது வாயைத் திறக்காமல் விரலால் உள்ளே காட்டினார். இயந்திரத்தின் பின்னாலிருந்து, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, மாவு படிந்து வெள்ளையாக ஓர் உருவம் நிமிர்ந்தது. பரமசிவம்.

"அப்ப இது யாரு தங்கச்சி?"

யோசித்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பாள். பழக்கம் யோசிக்க விடவில்லை. "அவரோட தம்பி, பாய்" என்றாள்.

இயந்திரம் ஓடுகிற சத்தத்தையும் மீறி மில்லில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பரமசிவமும் சிரித்தார். சந்திரமதி மட்டும் இடுப்பிலிருந்து கையை எடுக்க மறந்து அப்படியே திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்து பாதிப் படி ஏறிய பிறகுதான் தனக்கு முதுகில் ஒன்றுமில்லை என்று நினைவு வந்து நிமிர்ந்தாள்.

குடியை நிறுத்திய கணவர் வீட்டில் இருப்பது எப்படி இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. பரமசிவம் எல்லாவற்றையும் கவனிக்க ஆரம்பித்தார். "இந்தச் சன்னல் எப்பலேருந்து இப்படி ஆடுது?" என்றார். "நம்ம வீட்டுல கத்தரிக்காயே கிடையாதா?" என்றார். சுவரில் ஆணி அடித்தார். முதல் ஆணி கோணலாகப் போனதால் அதன் பக்கத்தில் இன்னொன்று அடித்தார். மாலையில் நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டு போகிற வருகிற பஸ்ஸைப் பற்றியெல்லாம் அபிப்பிராயம் சொன்னார். பாசாருக்குக் கூடவே வந்து மீன்காரரிடம் மீனின் கண்ணைப் பற்றித் தர்க்கம் செய்தார். அவர் குடித்துக் கிடந்தபோது வீட்டில் எது எங்கே இருக்க வேண்டும், என்ன சமைக்க வேண்டும், யாருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தீர்மானித்தவள் சந்திரமதி. இப்போது உப்பு டப்பா இருக்கிற இடத்தைக்கூட இருவரும் கலந்து பேச வேண்டியிருந்தது.

காலையில் சட்டையை முகர்ந்தாள். மிளகாய் வாசம்தான் வந்தது. தும்மினாள்.

மத்தியானம் ஆனால் கை தானாக நெத்திலி வறுக்கும். வறுத்த பிறகு என்ன செய்வது? வீணாகக் கூடாதே என்று கள்ளுக்கடைக்குக் கொண்டுபோனாள். கணவர் இல்லாத கள்ளுக்கடை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து, மற்றவர்களின் கணவர்களுக்குப் பரிமாறினாள். "அண்ணன் எப்படியிருக்காரு அண்ணி?" என்று லாரிக்காரன் ஒருவன் கேட்டான்.

"நல்லாத்தான் இருக்காரு" என்றாள். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு நெத்திலியில் கவனம் செலுத்தினார்கள். நல்லாயிருக்கிற மனிதரைப் பற்றி மேலே கேட்க ஒன்றுமில்லை. அவளுக்கும் சொல்ல ஒன்றுமில்லை. ஜமால் முகம்மது ரெடிஃபியூஷன் பெட்டி வாங்கிவிட்டார் என்று பரமசிவம் வந்து சொன்னபோது, தன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்ட மாதிரி அவளுக்கு இருந்தது.

யோகத்திடம் போனாள். வேலை முடிந்து வந்த யோகம் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"அக்கா, ஒரு மருந்து வேணும்."

"ஆருக்கு? அவருக்கோ? அவருக்கு என்ன வருத்தம்?"

யாழ்ப்பாணத்தார் நோயைத்தான் வருத்தம் என்பார்கள். இத்தனை வருஷப் பழக்கத்திலும் சந்திரமதியின் காதில் அது கவலை என்றே விழும்.

"அவருக்கு ஒரு வருத்தமும் இல்லக்கா. எனக்குத்தான் ஒரே வருத்தமா இருக்கு."

"அதைத்தானே நானும் இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டு வாறன்" என்று யோகம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வருத்தம் உமக்குத்தான். குடிச்சது அவர்; வெறி உமக்கு. அவர் விட்டிட்டார். நீர் இன்னும் விடேல்லை."

தன் கவலையை ஒருத்தியாவது புரிந்துகொண்டாளே என்று சந்திரமதிக்குக் கண் கலங்கிவிட்டது. யோகத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "திடீர்னு நிறுத்தினா உடம்புக்கு ஆகாதுன்னு சொல்றாங்களேக்கா. கை நடுங்குது அவருக்கு. கொஞ்சமா, மருந்து மாதிரி…"

"ஒரு சொட்டும் குடுக்காதேயும்! நடுக்கம் கூடினால் என்னட்டைக் கூட்டிக்கொண்டு வாரும். ஆஸ்பத்திரிக்குப் போவம்."

சந்திரமதி சரி என்று தலையாட்டினாள். ஆனால் வெளியே வரும்போது அவள் மனதில் ஆப்பம் வந்துவிட்டது.

ஆப்ப மாவு புளிக்கக் கொஞ்சம் கள் விடுவது வழக்கம்தானே? அதில் என்ன தப்பு? மறுநாள் ஒரு தூக்குச்சட்டியைக் கொண்டுபோய் வேலிக்கு உள்ளே கொடுத்து, "ஆப்பத்துக்கு" என்றாள். லாரிக்காரன் தூக்குச்சட்டியைப் பார்த்துவிட்டு, "எத்தனை பேருக்கு அண்ணி ஆப்பம்?" என்றான். வீட்டில் மாவைவிடக் கள் அதிகமாயிற்று. மாவு பொங்கிப் பாத்திரத்தின் மூடியைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆப்பச் சட்டியில் ஊற்றியபோது எழுந்த வாசம் டன்லப் தெரு முழுக்கப் போயிற்று.

தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் வைத்து, நடுவே பஞ்சுபோல உப்பிய ஆப்பத்தைப் பரமசிவத்தின் முன்னால் வைத்தாள். அவர் விள்ளவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கு விடைத்தது. கை தட்டின் விளிம்பைப் பிடித்தது. தட்டு தரையில் கடகடவென்று ஆடியது. தலையில் சாயம் முக்கால்வாசி போய், வெளிறிய நீலம் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதில் வேர்வை அரும்பியது.

"இது என்ன சந்திரமதி?"

"ஆப்பம்தாங்க."

"ஆப்பம் தெரியுது." தட்டை விட்டுக் கையை எடுத்து மடியில் பொத்திக்கொண்டார். அப்படியும் நடுக்கம் நிற்கவில்லை. "நான் குடிக்காம இருக்கறது உனக்குக் கஷ்டமா இருக்கா?"

அவள் வாயில் பதில்கள் வரிசையாக வந்து நின்றன. ஒரு வியாதி கேட்டால் நூறு வியாதி சொல்கிறவளுக்கு இதற்கு ஒன்று கிடைக்காமலா போகும்? கடைக்காரன் தப்பாக ஊற்றிவிட்டான் எனலாம். பழைய மாவு எனலாம். ஆனால் அந்தக் கையைப் பார்த்தாள். அவள் செய்த காரியத்தைத் தாங்க முடியாமல் ஆடுகிற கை அது. அவர் ஒருத்தர்தான் அந்த வீட்டில் தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவள் எதிர்ப்பக்கத்தில் நின்றிருந்தாள்.

"ஆமாங்க" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே பயம் வந்தது. "கஷ்டமாத்தான் இருக்கு. நீங்க விழுந்து கிடந்தா எனக்குத் தூக்கற வேலை இருந்துச்சு. இப்ப நான் யாருன்னே எனக்குத் தெரியல."

பரமசிவம் தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு, "குடிச்சப்ப என்னைத் தேடிக் குடையோட வந்தே" என்றார். "இப்ப வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்கேன். நீ என்னைப் பாக்கறதே இல்ல. அதனாலதான் கூப்பிட்டுக் கூப்பிட்டு சன்னலைக் காட்டினேன்."

சந்திரமதி எழுந்து ஆப்பத்தையும் மாவையும் கொண்டுபோய்ப் பின்சன்னல் வழியாகக் கீழே பின்கட்டில் கொட்டினாள். கீழ்வீட்டுச் சீனத் தச்சரின் கோழிகள் ஓடிவந்தன. சற்று நேரத்தில் சேவல் ஒன்று வேலியில் ஏறப் பார்த்து மறுபக்கம் விழுந்தது. பெட்டைகள் இரண்டும் ஒன்றையொன்று சுற்றி வந்தன. மேலேயிருந்து புருஷனும் பெண்டாட்டியும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நானும் இப்படித்தான் நடந்தேனா?"

"ஐயே, நீங்க இதைவிட நல்லா நடப்பீங்க" என்றாள், விட்டுக்கொடுக்காமல். அப்புறம்தான் இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துச் சந்திரமதிக்கு அழுகையாகிவிட்டது. தச்சர் வந்து சேவலைத் தூக்கிப் பார்த்து, மேலே நிமிர்ந்து ஏதோ சீனத்தில் கேட்டார். அவள் தன்னையறியாமல், "அதுக்கு உடம்பு சரியில்லை" என்று தமிழில் சொன்னாள்.

அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது சந்திரமதி சொல்கிற கதையாகிவிடும். நெத்திலியை நிறுத்தினாள், கள்ளுக்கடையார் ஒரு வாரம் வருத்தத்தோடு பேசிக்கொண்டார்கள். கத்தரிக்காய் வீட்டுக்குத் திரும்பி வந்தது. யோகத்தோடு சாயங்காலங்களில் கடற்கரைப் பக்கம் பஸ்ஸில் போய்வரப் பழகிக்கொண்டாள். முதல் தரம் போனபோது பாதி வழியில், "அவரு தனியா இருப்பாரேக்கா" என்று மணியை அடித்து இறங்கப் பார்த்தாள். யோகம் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். பரமசிவம் தனியாகத்தான் இருந்தார். அவள் திரும்பி வந்தபோது இன்னும் இரண்டு ஆணி அடித்திருந்தார்.

தீபாவளிக்கு அடுத்த நாள் அவர் தவறினார். பழைய கூட்டாளி ஒருவன் வீட்டு விருந்து. ஒன்றில் ஆரம்பித்தது ஒன்றில் நிற்கவில்லை. மறுநாள் காலையில் பாயில் குப்புறக் கிடந்தார். அறை முழுக்க அந்த வாசம். சந்திரமதி சுவரோரம் நின்று பார்த்தாள். மனதுக்குள் ஏதோ ஒன்று பழைய பாட்டைக் கேட்டதுபோல எழுந்து உட்கார்ந்தது. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது. கீழே தெருவிலிருந்து குரல் கேட்டது.

"தங்கச்சி! தங்கச்சி சந்திரமதி!"

ஜமால் முகம்மது. மூக்கில் துண்டு கட்டிக்கொண்டே நேராக மில்லிலிருந்து வந்திருந்தார். கண் சிவந்திருந்தது. அவள் சன்னலில் தலையை நீட்டியதும் துண்டைக் கீழே இழுத்துவிட்டு, திருவிழாவில் கூத்துப் பார்க்க வந்தவரைப்போல முகத்தை மலர்த்தினார். "பரமசிவத்தைக் காணமே. என்ன உடம்புக்கு?"

பின்னால் பாயிலிருந்து முனகல்: "சொல்லு சந்திரமதி… இடுப்புன்னு சொல்லு…"

"அவருக்கு…" என்று அவள் வாய் திறந்தது. ஒரு கை இடுப்புக்குப் போயிற்று. ஜமால் முகம்மது ஆவலோடு ஒரு காலை முன்னால் வைத்தார். சந்திரமதி அந்தக் கையைப் பார்த்தாள். எடுத்துச் சன்னல் கட்டையில் வைத்தாள்.

"மேலதான் இருக்காரு பாய். ஏறி வந்து அவரையே கேளுங்க."

ஜமால் முகம்மதுவின் முகம் தொங்கிவிட்டது. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறுகிற சத்தம் கேட்டது. பாயில் பரமசிவம் பதறி எழுந்து உட்கார்ந்தார். "அடியே, அவரு வர்றாரு! என்ன சொல்லப்போற?"

சந்திரமதி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோப்பையிலிருந்த காப்பியைப் பீரிசுத் தட்டில் ஊற்றினாள். படியில் காலடி நெருங்கி வந்தது. அவள் பீரிசை இரண்டு கையாலும் தூக்கி, ஆவி பறக்க மெதுவாக ஊதினாள்.